அணு ஈர்ப்புமானியில் அதிர்வு இரைச்சல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

விழும் அணுக்களை வைத்துப் புவியீர்ப்பை அளக்கும் கருவி அணு ஈர்ப்புமானி. அதன் பக்கம் புதிதாக வருபவர்கள், எங்கள் தலைமுறை இடறி விழுந்த அதே இடங்களில்தான் இடறுகிறார்கள். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். பம்பை மேசைமேல் வைக்காதே, அளக்கும்போது ஏ.சி.யை நிறுத்து என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ருபிடியம் அணுக்கள் விழும்போது 780 நானோமீட்டர் லேசரால் மூன்று துடிப்புகள் கொடுக்கிறோம். அணுக்கள் எவ்வளவு விழுந்தன என்பதை லேசரைத் திருப்பி அனுப்பும் கண்ணாடியை வைத்துத்தான் அளக்கிறோம். கண்ணாடி ஆடினாலும் அணு விழுந்தாலும் கருவிக்கு ஒன்றுதான். நடுத் துடிப்பின்போது கண்ணாடி 195 நானோமீட்டர் விலகியிருந்தால் போதும், குறுக்கீட்டு வரி (அணு அலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து உண்டாக்கும் ஏற்ற இறக்கம்) ஒரு முழுச் சுற்று நகர்ந்துவிடும். துடிப்புகளுக்கு இடையே 100 மில்லிநொடி விட்டால், 1 மைக்ரோகால் (புவியீர்ப்பு முடுக்கத்தில் சுமார் நூறு கோடியில் ஒரு பங்கு) அந்த வரியின் கட்டத்தை (phase) நகர்த்துவது வெறும் 1.6 மில்லிரேடியன்.

தரையின் அதிர்வு வரைபடத்தை அப்படியே நம்புவது

வரைபடத்தில் உயரமாக நிற்கும் முகடுதான் எதிரி என்று நினைத்து, 50 ஹெர்ட்ஸ் ஃபேனோடு வாரக்கணக்கில் மல்லுக்கட்டுவார்கள். கருவி எல்லா அதிர்வெண்ணையும் ஒரே மாதிரி கேட்பதில்லை. 100 மில்லிநொடி இடைவெளியில் 10, 20, 30 ஹெர்ட்ஸ் முடுக்கம் கருவிக்குத் தெரியவே தெரியாது. 50 ஹெர்ட்ஸும் அப்படித்தான். சில ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பது முழுசாக உள்ளே வரும். அதனால் வரைபடத்தைக் கருவியின் உணர்திறனால் பெருக்கிய பிறகே முகடுகளைத் தேடுங்கள். அளவீட்டுச் சுழற்சி அதிர்வெண்ணின் மடங்குகளுக்குப் பக்கத்தில் இருக்கும் அதிர்வையும் பாருங்கள். அது மெதுவான நகர்வாக மாறுவேடம் போட்டு வரும்.

மிதக்கும் தளத்தில் கேபிளை இறுக்கிக் கட்டுவது

தரை அதிர்வைத் தடுக்க 0.5 ஹெர்ட்ஸ் ஒத்ததிர்வுள்ள மிதக்கும் தளம் வாங்கிவிட்டு, விறைப்பான கேபிளைத் தரையிலிருந்து நேராக இழுத்துக் கட்டினால், அதிர்வு அந்த வழியாகவே ஏறிவிடும். தொய்வாக விடுங்கள்.

சீஸ்மோமீட்டரின் தாமதத்தை விட்டுவிட்டுத் திருத்தம் செய்வது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். தளம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் மிச்ச அதிர்வு இருக்கும். அதை சீஸ்மோமீட்டரில் (அதிர்வை அளக்கும் கருவி) பதிவுசெய்து, அந்த அதிர்வால் வரும் கட்ட நகர்வைக் கணக்கிட்டுக் கழிப்பது நல்ல முறை. ஆனால் சீஸ்மோமீட்டர் தரும் சிக்னல் அந்த நொடியுடையது அல்ல, சற்று முன்னால் நடந்தது. 50 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ளதை வெட்டும் இரண்டாம் படி பட்டர்வொர்த் வடிகட்டி ஒன்றே சுமார் 4.5 மில்லிநொடி தாமதம் தரும்.

5 மில்லிநொடி என்ன செய்துவிடும் என்று கேட்பார்கள். 15 ஹெர்ட்ஸில் அது 27 டிகிரி. கழித்த பிறகும் அந்த அதிர்வில் ஏறக்குறைய பாதி மிஞ்சும். 35 ஹெர்ட்ஸில் 63 டிகிரி; 60ஐத் தாண்டிவிட்டால் திருத்தம் இரைச்சலைக் கூட்டத்தான் செய்யும். கழிக்கிறோம் என்று நம்பிக்கொண்டே சேர்த்துக்கொண்டிருப்பார்கள்!

ஒரு மாணவர் இப்படித்தான் மாட்டிக்கொண்டார். திருத்தியும் இரைச்சல் இறங்கவில்லை என்றதும் லேசர் மேல் சந்தேகம் வந்தது. லேசரின் கட்டத்தை நிலைநிறுத்தும் பூட்டைப் பிரித்துப் போட்டார், மைக்ரோவேவ் மூலத்தை மாற்ற விலை கேட்டார், மாதங்கள் ஓடின. கிடைமட்ட அச்சில் சீஸ்மோமீட்டர் சொல்லும் கட்டம், செங்குத்து அச்சில் அணுக்கள் நிலை மாறும் நிகழ்தகவு என்று வரையச் சொன்னேன். புள்ளிகள் புகைமூட்டம் போல் கிடந்தன. பதிவை மென்பொருளில் ஒவ்வொரு மில்லிநொடியாக முன்னால் இழுத்தோம். இழுக்க இழுக்க நடுவில் வெற்றிடம் தெரிந்தது, அப்புறம் பளிச்சென்று ஒரு சைன் வளைவு எழுந்து நின்றது. லேசரில் எந்தக் குறையும் இல்லை.

இந்த வரைபடத்தை முதல் நாளே போடுங்கள். தளத்தைத் தெரிந்த அதிர்வெண்ணில் வேண்டுமென்றே ஆட்டி, சிதறல் எந்தத் தாமதத்தில் மிகக் குறைவாகிறது என்று பாருங்கள். பல அதிர்வெண்களில் செய்து பார்ப்பது நல்லது, ஏனென்றால் தாமதம் எல்லாவற்றுக்கும் ஒன்றாக இருக்காது. இன்னொன்று: பல சீஸ்மோமீட்டர்கள் தருவது திசைவேகம், முடுக்கம் அல்ல. முடுக்கத்துக்கான முக்கோண எடையை (நடுத் துடிப்பில் உச்சமாக இருப்பது) திசைவேகத்தின் மேல் போட்டுவிட்டுத் தாமதத்தைத் தேடினால் கிடைக்காது. திசைவேகத்துக்கு, நடுத் துடிப்புக்குப் பின்பாதித் தொகையிலிருந்து முன்பாதித் தொகையைக் கழிக்க வேண்டும்.

உடனுக்குடன் லேசர் கட்டத்தில் திருத்தம் ஊட்டுபவர்களுக்கு இந்த வசதி இல்லை. வராத சிக்னலை முன்னால் இழுக்க முடியாது. அவர்களுக்கு அகலமான அதிர்வெண் வீச்சுள்ள முடுக்கமானிதான் வழி.

குறி மாறிப்போவது

திருத்தத்தைக் கூட்டியும் பாருங்கள், கழித்தும் பாருங்கள்; இரைச்சல் குறைவதுதான் சரியான குறி.

கண்ணாடி ஓரிடம், சீஸ்மோமீட்டர் ஓரிடம்

இரண்டையும் ஒரே கெட்டியான உலோகத் துண்டில் இறுக்குங்கள். இடையில் ரப்பர் வேண்டாம்.

தளம் சாய்வதை மறப்பது

மிதக்கும் தளம் வெப்பநிலைக்கு ஏற்ப மெல்லச் சாயும். 100 மைக்ரோரேடியன் சாய்ந்தால் சுமார் 5 மைக்ரோகால் குறைத்துக் காட்டும். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் குறைவுதான் என்பதால் சராசரி எடுத்தாலும் போகாது. சாய்வுமானியைத் தரையில் வைக்காமல் தளத்தின் மேலேயே வைத்து, ஒவ்வொரு அளவீட்டோடும் சேர்த்துப் பதிவுசெய்யுங்கள்.