பழைய ரேஸ் படகைச் சேலத்தில் வைத்துத் தேற்றுவது எப்படி

பழைய ரேஸ் படகு கைக்கு வந்ததும் எல்லோருக்கும் முதலில் பரபரப்பது பாய்மரத்தை நிறுத்தி, கம்பிகளை இழுத்து, பாயை ஏற்றிப் பார்க்கத்தான். அதைக் கடைசி வேலையாக வையுங்கள். கம்பியில் ஏற்றுகிற இழுவை எங்காவது போய் இறங்கியாக வேண்டும். பக்கக் கம்பிகள் இரண்டும் படகின் விலாவை மேலே தூக்கும், முன்கம்பி அணியத்தை, அதாவது படகின் முன்முனையை, மேலே இழுக்கும், பாய்மரத்தின் அடி நடுவில் கீழே குத்தும், வில்லுக்கு நாண் ஏற்றுகிற மாதிரிதான். இங்கே வில் என்பது படகின் உடம்பு. அது ஊறிப்போய்க் கிடந்தால் இன்று வைத்த அளவு நாளைக்கு இருக்காது.

நான் வேலை பார்த்தது ஒரு பழைய 420-இல். பிரான்சில் 1959-இல் கிறிஸ்டியன் மௌரி வரைந்த, இரண்டு பேர் ஓட்டும் படகு. நீளம் 4.20 மீட்டர், பெயரும் அதனால்தான். சென்னையிலிருந்து 14 அடி ஐச்சரில் ஏற்றி, கந்தம்பட்டி பக்கம் ஒரு லேத் பட்டறைக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டில் இறக்கினோம். பாய்மரம் 20 அடிக்கு மேல் என்பதால் அதைக் கேபினுக்கு மேலே போட்டு, நுனியில் சிவப்புத் துணி கட்டிக் கொண்டுவந்தோம். கடல் இல்லாத ஊரில் இந்த வேலையைச் செய்வதில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. கடற்கரையில் மாதக்கணக்கில் காயாத ஈரம் பங்குனி, சித்திரை சேலத்துக் காற்றில் காய்ந்துவிடும். எல்லா அடைப்பானையும் மூடியையும் கழற்றிவிட்டு, பழைய டயர்கள் மேல் படகைக் கவிழ்த்து நிழலில் வையுங்கள். காய்வதை எடை போட்டுத்தான் நம்ப வேண்டும். மரவள்ளிக் கிழங்கு மூட்டை நிறுக்கும் தொங்கு தராசு இரண்டு இரவல் வாங்கி, அணியத்தில் ஒன்று, பின்முனையான அமரத்தில் ஒன்று என்று மாட்டித் தூக்கி இரண்டையும் கூட்டினேன். மூன்று வாரத்தில் என் படகு 6 கிலோ இறங்கியது. எடை இறங்குவது நிற்கும் வரை பூச்சு வேலையில் கை வைக்காதீர்கள்.

அடுத்து, மண்பானை வாங்கும்போது சுண்டிப் பார்ப்போமே, அதேபோல ஒரு 5 ரூபாய் நாணயத்தால் தளம் முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்டால் சரி. 'டொப்' என்று செத்த சத்தம் வந்தால் உள்ளே பைபர் அடுக்கு விட்டிருக்கிறது, அல்லது நடுவில் உள்ள நுரையோ மரமோ ஊறியிருக்கிறது. பென்சிலால் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். படகை மிதக்க வைக்கும் காற்று அறைகளான பக்க டாங்கிகளில் கசிவு பார்க்க சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் தடவி, ஒரு டியூபை மாட்டி வாயால் ஊதினாலே போதும். பஞ்சர் கடை கம்ப்ரஸரைக் கொண்டுவந்து மாட்டிவிடாதீர்கள், தையல் பிரிந்து டாங்கியே வாயைப் பிளந்துவிடும்.

பழுதை அடைக்கும் எப்பாக்ஸி பிசின் வேலைக்குச் சேலத்து வெயில் எதிரி. மதியம் ஒரு கப்பில் அரை கிலோ கலந்தால் பத்து நிமிடத்தில் கப் சுடும், அப்புறம் புகையும், அப்புறம் கல்லாகிவிடும். விடியற்காலை ஐந்து மணிக்கு ஆரம்பித்து, 100 கிராம் 100 கிராமாகத் தராசில் நிறுத்துக் கலந்து, உடனே அகலமான தட்டில் ஊற்றிப் பரப்பிவிடுங்கள். பரப்பினால் சூடு சேராது. ஹார்டனரைக் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றப் பார்ப்பது கூடவே கூடாது. கம்பெனி சொன்ன விகிதம் மாறினால் அது கடைசி வரை பிசுபிசுவென்றுதான் இருக்கும். படகின் பழைய பாலியெஸ்டர் பிசின் மேல் எப்பாக்ஸி நன்றாகப் பிடிக்கும், எப்பாக்ஸி மேல் பாலியெஸ்டர் ஜெல்கோட், அதாவது வெளிப்பக்கத்து வழவழப்புப் பூச்சு, சரியாகப் பிடிக்காது. அதனால் மேலோட்டமான கீறலுக்கு நேராக ஜெல்கோட்டையே வைத்து, காற்றுப் படாமல் ஒரு பிளாஸ்டிக் தாளை ஒட்டி மூடுங்கள், காற்றுப் பட்டால் மேற்பரப்பு இறுகாது. தேய்க்கும்போது நல்ல மாஸ்க் கட்டாயம், பைபர் தூள் நுரையீரலுக்குள் போகக் கூடாது.

இப்போது பாய்மரத்தின் அடி உட்காரும் இடமும், பக்கக் கம்பிகள் மாட்டும் பட்டைகளும். என் கவலையெல்லாம் இங்கேதான். பட்டையைச் சுற்றி ஜெல்கோட்டில் தலைமுடி மாதிரி கோடுகள் நட்சத்திரமாக ஓடினால் அங்கே அசைவு இருக்கிறது என்று அர்த்தம். போல்ட்டைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். என் படகில் இடப்பக்கத் துளை வட்டமாக இல்லாமல் முட்டை வடிவமாகிக் கிடந்தது. இதைக் கவனிக்காமல் முதல் வாரமே இழுவை ஏற்றியிருந்தேன், அந்த 2 மி.மீ. நகர்வைத்தான் கம்பி நீள்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். துளையை எப்பாக்ஸியால் அடைத்துப் புதிதாகத் துளையிட்டு, உள்பக்கம் அகலமான தகடு கொடுத்துப் பூட்டிய பிறகுதான் அளவு நின்றது.

உருக்காலை இருக்கிற ஊர், எவர்சில்வருக்குப் பஞ்சமில்லை என்று கிடைத்த தகட்டை வெட்டிப் பட்டை செய்துவிடாதீர்கள். பாத்திரத்துக்குப் போகும் 202 ரகம் கடல் உப்பில் துருவேறும், 304 பரவாயில்லை, உங்களுக்கு வேண்டியது 316. அதில் இருக்கும் மாலிப்டினம்தான் உப்பைத் தாங்க வைக்கிறது. காந்தத்தை வைத்து 304-ஐயும் 316-ஐயும் பிரிக்க முடியாது, மாலிப்டினம் சோதனைச் சொட்டு மருந்து விட்டுத்தான் பார்க்க வேண்டும். ஒரு கடையில் 316 என்று சத்தியம் செய்து கொடுத்த தகட்டில் சொட்டு விட்டேன், நிறமே மாறவில்லை.

கம்பிக்கு வருவோம். பழைய நைலான் துணித் துண்டால் பிடித்து மேலிருந்து கீழே உருவுங்கள். எங்கேயாவது நூல் மாட்டினால் அங்கே ஓர் இழை அறுந்திருக்கிறது. 19 இழையில் ஒன்றுதானே என்று விடக் கூடாது, அந்தக் கம்பி போயாச்சு. முனையில் அழுத்திப் பொருத்திய குழாய்தான் அதிகம் ஏமாற்றும், வெளியே பளபளப்பாக இருந்துகொண்டே உள்ளே உப்புத் தண்ணீர் தேங்கி அரித்திருக்கும். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வேலை செய்கிறவர்கள் கண்ணில் வைத்துப் பார்க்கும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், மயிரிழை வெடிப்பு அதில்தான் தெரியும். மாற்றினால் இரண்டு பக்கத்தையும் சேர்த்தே மாற்றி, ஒரே ஆணியில் தொங்கவிட்டு நீளம் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அலுமினியப் பாய்மரத்தில் எவர்சில்வர் ரிவெட்டைச் சுற்றி வெள்ளை மாவு பூத்திருந்தால் அலுமினியம் கரைகிறது என்று பொருள். கழற்றிச் சுத்தம் செய்து, இரண்டு உலோகமும் நேராகத் தொடாமல் நடுவில் அதற்கான பேஸ்ட் தடவிப் போடுங்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகே டியூனிங், அதாவது மரத்தையும் கம்பிகளையும் சரியான அளவில் நிறுத்துவது. முதலில் படகை மட்டமாக நிறுத்த வேண்டும். கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் டியூபே போதும். பெரிய பாயின் ஹால்யார்டில் (பாயை ஏற்றும் கயிற்றில்) இஞ்ச் டேப்பை மாட்டி உச்சிக்கு ஏற்றி, இடப் பட்டைக்கும் வலப் பட்டைக்கும் அளந்தால் இரண்டும் ஒன்றாக வர வேண்டும். வராமல் அடுத்த வேலைக்குப் போகவே கூடாது. பக்கக் கம்பிகளை மரத்திலிருந்து தள்ளிப் பிடிக்கும் ஸ்ப்ரெடர் இரண்டும் ஒரே நீளமா, ஒரே அளவு பின்னால் சாய்ந்திருக்கிறதா என்று நுனிக்கு நுனி நூல் கட்டிப் பாருங்கள். அதே டேப்பை அமரத்தின் மேல் விளிம்பு நடுவுக்கு இழுத்தால் சாய்வின் அளவு கிடைக்கும், எண் குறையக் குறைய மரம் பின்னால் சாய்கிறது. எந்த எண் என்பதை உங்கள் பாயைத் தைத்த கம்பெனியின் டியூனிங் அட்டவணையில் எடுங்கள், பக்கத்துப் படகுக்காரர் எண்ணைக் கடன் வாங்காதீர்கள். 420-இல் ஜிப் எனும் முன்பாயின் ஹால்யார்டை இழுத்துத்தான் மொத்த இழுவையும் வருகிறது, அதைக் கேஜ் வைத்து அளந்து, ஹால்யார்டில் ஒரு குறி போட்டுவிடுங்கள். இழுவை ஏறியதும் உச்சியிலிருந்து பூம் (பெரிய பாயின் அடிக்கட்டை) மாட்டும் இடம் வரை நூலைப் பிடித்து, ஸ்ப்ரெடர் பக்கத்தில் மரம் எவ்வளவு வளைந்திருக்கிறது என்று பாருங்கள். ஸ்ப்ரெடரைப் பின்னால் தள்ளினால் வளைவு கூடும், பாய் தட்டையாகும்.

தண்ணீரில் பார்க்க ஏற்காடு ஏரிக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். 20 கொண்டை ஊசி வளைவில் அந்த நீள மரத்தை ஏற்றுவது ஒரு பாடு, ஏரியும் சின்னது, சுற்றிலும் மேடும் மரமுமாகக் காற்று நிமிடத்துக்கு ஒரு திசையில் சுற்றும், போதாததற்குப் பெடல் படகுக் கூட்டம். 1934-இல் கட்டி முடித்த மேட்டூர் ஸ்டான்லி நீர்த்தேக்கம் விரிந்தது, ஆனால் அனுமதியில்லாமல் இறங்கக் கூடாது. நான் திரும்பச் சென்னைக்கே கொண்டுபோனேன். 8 முதல் 12 நாட் வரை சீரான காற்று உள்ள நாளாகப் பாருங்கள், ஆடிக் காற்றில் ஒன்றும் புரியாது.

காற்றுக்கு எதிராக நெருக்கி ஓட்டும்போது காற்று படாத பக்கத்துக் கம்பி இலேசாகத் தளர வேண்டும். தொங்கி ஆடினால் இழுவை போதவில்லை. ஜிப்பின் முன்விளிம்பில் ஒட்டிய நூல்களில் மேல் நூல் முதலில் படபடத்தால் ஜிப் கயிற்றின் கப்பியை முன்னால் நகர்த்துங்கள், கீழ் நூல் என்றால் பின்னால். பெரிய பாயில் மரத்தின் நடுவிலிருந்து பூம் நுனியை நோக்கிச் சரிவாகச் சுருக்கம் ஓடினால் வளைவு அதிகம். சுக்கான் பிடி கையை விடாமல் இழுத்துக்கொண்டே இருந்தால், முதலில் படகைச் சாயாமல் நிமிர்த்தி ஓட்டிப் பாருங்கள், அப்போதும் இழுத்தால், பக்கக் கம்பியைப் பட்டையில் பூட்டும் ஊசியை ஒரு துளை மாற்றி, மரத்தின் சாய்வைக் குறைத்து அதை முன்னால் கொண்டுவாருங்கள். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும்.

கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கம்பி முனைகளை முதலில் கழுவி, ஊசித் துளை எண், டேப் அளவு, கேஜ் எண், அன்றைய காற்று எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். புதுக் கம்பி முதல் இரண்டு மூன்று ஓட்டத்தில் கொஞ்சம் இளகும், அதனால் மறுபடி டேப்பை உச்சிக்கு ஏற்றி இரண்டு பட்டைக்கும் அளந்து, பழைய எண்ணை அடித்துப் புது எண்ணை எழுதிய பிறகு ரேஸுக்குப் பெயர் கொடுங்கள்.