தர்மபுரிப் பக்கம் புதிதாக நிலம் வாங்கியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் சம்பாதித்த காசில் பென்னாகரம், அரூர், ஊத்தங்கரைப் பக்கம் நிலம் வாங்குகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். நல்லதுதான். ஆனால் இந்த ஊர்க்காரர்கள் ஒரு காலத்தில் அடிபட்டுக் கற்றதையெல்லாம் இவர்கள் ஒவ்வொருவரும் புதிதாக ஆரம்பித்து அடிபடுகிறார்கள். வேலி போடு, பட்டாவைச் சரிபார், விதை நேர்த்தி செய் என்பதை யாரும் சொல்லிவிடுவார்கள், அதை விடுகிறேன். வேறொரு தட்பவெப்பத்தில் ஓகோவென்று நடக்கும் விவசாயத்தைப் பார்த்துவிட்டு அதை அப்படியே இங்கே இறக்குவதுதான் என் கவலை.

மழை அளவை மட்டும் பார்ப்பது

தர்மபுரியில் ஆண்டுக்கு ஏறக்குறைய 850 மி.மீ. மழை. லண்டனில் 600 மி.மீ. அளவுதான். ஆனாலும் இங்கிலாந்தில் ஹெக்டேருக்கு 8 டன் வரை கோதுமை எடுக்கிறார்கள். “அவங்களைவிட நமக்கு மழை ஜாஸ்தி, அப்புறம் என்ன?” என்று ஒருவர் என்னிடமே கேட்டார்.

அங்கே மழை ஆண்டு முழுக்கத் தூறலாக விழுகிறது. வெயில் குறைவு, மண் ஆழம். நமக்கு ஆடியில் கொஞ்சம், புரட்டாசி ஐப்பசியில் மிச்சம், அதுவும் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும். பெய்வதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு நீரை உறிஞ்சும் வெயில் இது. செம்மண்ணும் பல இடங்களில் முழங்கால் ஆழம்தான், கீழே பாறை. உக்ரைனின் கரிசலும் அமெரிக்கப் புல்வெளி மண்ணும் உலகத்துக்குக் கோதுமையும் மக்காச்சோளமும் தருகின்றன என்றால், பல்லாயிரம் ஆண்டு புல் மக்கிச் சேர்ந்த கருமண் அங்கே கிடக்கிறது. நம்முடையது முள்ளும் இலையுதிர் காடும் இருந்த நிலம். சேமிப்பு குறைவு.

பயிரை முடிவு செய்துவிட்டுத் தண்ணீர் தேடுவது

எனக்கு இன்னமும் எரிச்சல் மூட்டுவது இதுதான்.

பென்னாகரம் தாண்டி ஒரு தம்பி நிலம் வாங்கினார். வாங்கிய கையோடு வெண்ணெய்ப்பழக் (அவகாடோ) கன்றுகளுக்கு முன்பணம் கட்டியாயிற்று. உலகத்தில் இந்தப் பழம் அதிகம் விளைவது மெக்சிகோவின் மிச்சோகான் மாநிலத்தில்: உயரமான மலைப்பகுதி, எரிமலை மண், மிதமான குளிர், நல்ல மழை. மேலோட்டமாக வேர் ஓடும் மரம். காய்ந்தாலும் தாங்காது, தண்ணீர் நின்றாலும் தாங்காது. சித்திரை வெயிலில் பென்னாகரத்தில் அது என்ன செய்யும்?

“சொட்டுநீர் போட்டுட்டா தண்ணி கம்மிதானேண்ணா செலவாகும்?” என்றார். சொட்டுநீர், வழியில் வீணாவதைத்தான் குறைக்கும். மரம் குடிப்பதை அது குறைக்காது.

ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டி வந்தது. தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் பார்த்துப் புள்ளி குறித்தார்கள். முதல் போரில் இரண்டு இன்ச் தண்ணீர். ஊரே வந்து பார்த்தது. அடுத்த கோடையில் மோட்டார் காற்றைக் கக்கியது. பக்கத்திலேயே இரண்டாவது. அன்று நானும் இருந்தேன். குழாயிலிருந்து வெள்ளை மாவாகப் புகை வந்துகொண்டே இருந்தது. வண்டிக்காரர் ஒவ்வொரு ராடு இறக்கும்போதும் தம்பியின் முகத்தைப் பார்ப்பார், தம்பி “இன்னும் ஒண்ணு” என்பார். 900 அடியைத் தாண்டியும் புகைதான். பிறகு லாரித் தண்ணீர். பிறகு கன்றுகள் காய்ந்தன. நிலத்துக்குக் கொடுத்ததில் பாதி, பூமிக்குள் போய்விட்டது.

நம் அடிப்பகுதி கருங்கல் பாறை. மேலே மக்கிய பாறையிலும் கீழே வெடிப்புகளிலும் மட்டும்தான் நீர் தங்கும். ஆழம் கூடக்கூட வெடிப்பு குறையும், செலவு கூடும். போதாக்குறைக்கு இந்த நிலத்தடி நீரில் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் புளோரைடு; ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கே அதுதான் முக்கியக் காரணம்.

இதை எடுத்துச் சொன்னால் உடனே பிரேசிலைக் காட்டுவார்கள். அங்கே செர்ராடோ என்ற சவன்னா நிலம் 1970கள் வரை பயிருக்கு லாயக்கில்லாததாகக் கருதப்பட்டது. சுண்ணாம்பு போட்டு மண்ணின் அமிலத்தைக் குறைத்து, பாஸ்பரஸ் சேர்த்து, 1973-ல் தொடங்கிய எம்ப்ராபா என்ற அரசு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் வெப்பநாட்டுக்கு ஏற்ற சோயா ரகங்களை உருவாக்க, இன்று உலகச் சோயாவில் பெரும்பங்கு பிரேசிலுடையது. உண்மைதான். ஆனால் செர்ராடோவில் ஆண்டுக்கு 1,500 மி.மீ. அளவுக்கு மழை ஏற்கெனவே இருந்தது. குறை இருந்தது மண்ணில்தான்; மண்ணின் குறையை மூட்டை மூட்டையாக வாங்கிப் போட்டுத் தீர்க்கலாம்.

தண்ணீர்க் குறையைத் தீர்க்கப் பார்த்தது சவூதி அரேபியா. பாலைவனத்தில் ஆழ்துளைக் கிணறுகள் போட்டு, 1990களின் தொடக்கத்தில் கோதுமை ஏற்றுமதியே செய்தார்கள். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் சேர்ந்த நீர் அது, திரும்ப ஊறாது. 2008-ல் கோதுமையைப் படிப்படியாகக் கைவிட முடிவெடுத்தது அரசு. எண்ணெய்க் காசு இருந்தும் நடக்காததை வங்கிக் கடனில் செய்யப் பார்க்கிறார்கள் நம் ஆட்கள்.

சரி, என்ன செய்வது? ஒரு வருடம் சும்மா இருங்கள். பங்குனி சித்திரையில் பக்கத்துக் கிணறுகளில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று எட்டிப் பாருங்கள். அந்த அளவுக்குப் பயிர் வையுங்கள். முதல் செலவு வரப்புக்கும் பண்ணைக்குட்டைக்கும் போகட்டும்.

உழாமல் விடுவது

அர்ஜென்டினாவில் பெரும்பாலான நிலத்தை உழுவதே இல்லை. அறுவடைத் தட்டை முழுக்க நிலத்தை மூடிக் கிடக்கும். இங்கே தட்டை மாட்டுக்குப் போகிறது, மிச்சம் கரையானுக்கு. மூட ஒன்றுமில்லாமல் உழாமல் விட்டால் செம்மண் மேலோடு இறுகி, பெய்த மழை ஓடிவிடும். கோடை மழைக்குச் சரிவுக்குக் குறுக்கே ஒரு உழவு ஓட்டுங்கள். மூடாக்குப் போட நிஜமாகவே தழை இருக்கிறதா, அப்போது உழவைக் குறைப்பதைப் பற்றிப் பேசலாம்.

தக்காளி

விலை ஏறிய வாரத்தில் நாற்று வாங்காதீர்கள்.

ராகியை மட்டமாக நினைப்பது

உலகமே அரிசி, கோதுமை, மக்காச்சோளம் என மூன்று தானியங்களில் சாய்ந்து நிற்பதால் மற்றதெல்லாம் ஏழைப் பயிர் என்று ஒரு நினைப்பு. மழை இடையில் நின்றால் ராகி வாடிப்போய் நிற்கும். ஒரு மழை விழுந்தால் எழுந்துவிடும். நடுவில் வரிசையாக அவரை, துவரை சால் விட்டால் ஒன்று போனாலும் ஒன்று நிற்கும். 2023-ல் தர்மபுரி, நீலகிரி ரேஷன் கடைகளில் 2 கிலோ ராகி கொடுக்க ஆரம்பித்ததோடு அரசுக் கொள்முதலும் நடக்கிறது. லாபம் கொட்டாது. ஆனால் ராகி போட்டு நிலத்தை விற்றவரை நான் பார்த்ததில்லை.

ஓசூரைப் பார்த்துப் பசுமைக்குடில்

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். தர்மபுரி அதில் பாதி. அதற்கே மூன்று டிகிரி வித்தியாசம் வரும். ரோஜாவுக்கும் குடைமிளகாய்க்கும் அந்த மூன்று டிகிரிதான் எல்லாம். மானியம் கிடைக்கிறதே என்று கேட்காதீர்கள்; மானியம் குடிலுக்கு, வெயிலுக்கு இல்லை.