வேரிஸ்டர் பெல்லட்ட ஒழுங்கா அளக்குறது எப்படி

பினாங்கு நிபோங் தெபால்ல மெட்டீரியல்ஸ் படிக்கிற தம்பி தங்கச்சிங்களுக்கு இது. வேரிஸ்டர்னா வோல்ட்டேஜ் ஒரு அளவ தாண்டுனாத்தான் கரண்ட நல்லா விடுற பொருள். ஸிங்க் ஆக்சைடோட கொஞ்சம் பிஸ்மத் ஆக்சைடு சேர்த்து சுட்ட பெல்லட்ட (சின்ன வட்டத் தட்டு) மல்டிமீட்டர்ல வச்சு மெகா ஓம் காட்டுதுன்னு எழுதிடாதீங்க, அந்த மீட்டர் குடுக்குற சின்ன வோல்ட்டேஜ்ல வேரிஸ்டர் முழிச்சுக்கவே முழிச்சுக்காது. வேலை நடக்குறது கிரெய்ன் பவுண்டரியில, அதாவது உள்ள இருக்குற குட்டிப் படிகங்க (கிரெய்ன்) ஒண்ணோட ஒண்ணு ஒட்டுற எல்லையில, ஒவ்வொண்ணும் கிட்டத்தட்ட 3 வோல்ட் தாங்கும். கிரெய்ன் 10 மைக்ரான், பெல்லட் 1 மில்லிமீட்டர்னா நடுவுல ஒரு 100 பவுண்டரி, அப்போ 300 வோல்ட் கிட்ட போனாத்தான் கரண்ட் பாயும். வோல்ட்டேஜ் குடுத்து கரண்ட அளக்குற கீத்லி 2400 மீட்டர் இருந்தா அது 210 வோல்ட்லயே நின்னுடும், பெல்லட்ட மெலிசா தேய்ங்க, இல்லன்னா அதவிட அதிக வோல்ட்டேஜ் குடுக்குற 2410 கேட்டு வாங்குங்க.

அதுக்கு முன்னாடி எலெக்ட்ரோடு. ரெண்டு பக்கமும் தேய்ச்சு சமமாக்கி, திக்னஸ மைக்ரோமீட்டர்ல பல இடத்துல பாத்து, சில்வர் பேஸ்ட் பூசி சுடுங்க. பேஸ்ட் ஓரம் வரைக்கும் போகக்கூடாது, சுத்தி ஒரு மில்லிமீட்டர் விடுங்க, இல்லன்னா கரண்ட் ஓரம் வழியா ஓடிடும். கணக்குல போடுற ஏரியா சில்வர் உள்ள இடம்தான், பெல்லட்டோட முழு ஏரியா இல்ல, இதுல நிறைய பேர் தப்பு பண்றாங்க.

பினாங்கு ஈரத்த லேசா நினைக்காதீங்க. மழை நாள்ல லீக்கேஜ் கரண்ட் (வேரிஸ்டர் முழிக்கிறதுக்கு முன்னாடியே கசியுற கரண்ட்) கூடி வந்தா பவுடர குறை சொல்றதுக்கு முன்னாடி பெல்லட்ட லேப் அடுப்புல (oven) 110 டிகிரியில காயவச்சு, டெசிகேட்டர்ல (ஈரம் புகாத மூடின ஜாடி) ஆறவிட்டு உடனே அளந்து பாருங்க, கரண்ட் குறைஞ்சா மேல ஒட்டுன ஈரம்தான் அந்த வித்தியாசத்த காட்டியிருக்கும்.

அளக்கும்போது வோல்ட்டேஜ படிப்படியா ஏத்துங்க, கரண்ட் லிமிட் கண்டிப்பா போடுங்க. 300 வோல்ட்ல 5 மில்லிஆம்ப்னா ஒன்றரை வாட், சின்ன பெல்லட் சூடாகி கரண்ட் தானா ஏறும், அதனால கர்வோட மேல் பகுதிய பல்ஸ்ல (கொஞ்ச நேரம் மட்டும் வோல்ட்டேஜ் குடுத்து) எடுக்குறதுதான் சரி. டெர்மினல்ல கை வைக்காதீங்க, இது ஆள தூக்கிப் போடுற வோல்ட்டேஜ்.

ஆல்ஃபா, அதாவது வோல்ட்டேஜ் கூடும்போது கரண்ட் எவ்வளவு செங்குத்தா ஏறுதுன்னு சொல்ற எண், அதோட கணக்கு ஈஸி: ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 மில்லிஆம்ப், 10 மில்லிஆம்ப் ரெண்டு இடத்துலயும் வோல்ட்டேஜ் எடுத்து, பெரிச சின்னதால வகுத்து, லாக் (10 அடி) போட்டு தலைகீழாக்குங்க. 300ம் 324ம் வந்தா ஆல்ஃபா 30 கிட்ட. கடைசியா வயர மாத்திப் போட்டு இன்னொரு தடவ எடுங்க, ரெண்டு கர்வும் ஒண்ணு மேல ஒண்ணு உக்காரலன்னா முதல்ல எலெக்ட்ரோட சந்தேகப்படுங்க, சில்வர சுரண்டிட்டு புதுசா பூசி அளங்க.