மாவில்லாத புட்டு: சோற்றைக் குறைக்கப் பழகுபவர்களுக்கு

மாவுச்சத்தைக் குறைக்கலாம் என்று முடிவெடுத்ததும் நான் செய்த முதல் காரியம் அவகாடோ வாங்கியது. இரண்டும் கறுத்துப்போய்க் குப்பைக்குப் போயின. கடலூர் முதுநகரில் மீன் இறங்கும் இடத்துக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு ஏன் இந்த வேலை என்று அப்புறம்தான் உறைத்தது. நம் கடற்கரையில் சுறாப்புட்டு இருக்கிறது. பெயரில்தான் புட்டு, மாவு ஒரு சிட்டிகைகூடக் கிடையாது.

சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். சோறு குறைந்து மருந்து அதே அளவில் இருந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

படி 1: தட்டைப் பாருங்கள்

100 கிராம் சோற்றில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து. மதியம் நாம் போட்டுக்கொள்ளும் சோறு சாதாரணமாக 300 கிராமைத் தொடும். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். சப்பாத்திக்கு மாறினால் போதுமே என்பார்கள். 30 கிராம் மாவில் சுட்ட ஒரு சப்பாத்தியிலேயே 20 கிராம் போல வந்துவிடும். கம்பிலும் கேழ்வரகிலும் நார்ச்சத்து அதிகம்தான், ஆனாலும் 100 கிராம் மாவில் 60 கிராமுக்கு மேல் மாவுச்சத்து. ஆடி மாதக் கூழை நான் விடவில்லை, அது வேறு கதை. மீனிலும் முட்டையிலும் அநேகமாக ஒன்றுமே இல்லை.

படி 2: மீன் வாங்குவது

அரைக் கிலோ பால் சுறா, மூன்று பேருக்குத் தாராளம். "அக்கா, பால் சுறாவா?" என்று முதல் தடவை கேட்டபோது மீன்கார அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆமா தம்பி, வூட்ல புள்ள பெத்திருக்காங்களா?" பால் ஊறும் என்று பிள்ளை பெற்றவர்களுக்குக் கொடுக்கும் பதார்த்தம் அல்லவா! சோற்றைக் குறைக்கத்தான் என்றேன். சிரித்துக்கொண்டே துண்டு போட்டுக் கொடுத்தார்.

வாங்கும்போது முகர்ந்து பாருங்கள். சுறாச் சதையில் யூரியா உண்டு. மீன் பழசானால் அது அம்மோனியாவாக மாறி மூக்கைத் துளைக்கும். அந்த வாடை வந்தால் வேண்டாம். சுறா கிடைக்காத நாளில் சூரை மீனிலும் இதே புட்டைச் செய்யலாம்.

படி 3: வேகவைத்துப் பிழிவது

துண்டுகள் மூழ்கும் அளவு தண்ணீரில் மஞ்சள்தூள், உப்பு போட்டுப் பத்து நிமிடம் வேகவிடுங்கள். ஆறியதும் சொரசொரப்பான தோல் கையோடு உரிந்து வரும். நடுவில் இருக்கும் குருத்தெலும்பையும் எடுத்துவிடுங்கள்.

அடுத்து வருவதில்தான் நான் கோட்டை விட்டேன். உதிர்த்த மீனை உள்ளங்கையில் வைத்து ஒட்டப் பிழிய வேண்டும். அவசரத்தில் பிழியாமல் வாணலியில் கொட்டினேன். புட்டுக்குப் பதிலாகக் களி கிடைத்தது. பிழிந்த மீனை விரல் நுனியால் தேய்த்தால் தேங்காய்த் துருவல் மாதிரி உதிர வேண்டும். அதுதான் பதம். அதில் மிளகாய்த்தூள் ஒரு தேக்கரண்டி, மஞ்சள்தூள் கால், உப்பு கொஞ்சம் பிசிறி வையுங்கள்.

படி 4: தாளிப்பு

மூன்று மேசைக்கரண்டி நல்லெண்ணெய். எண்ணெயில் கஞ்சத்தனம் வேண்டாம், சோறு குறைந்த இடத்தில் பசி தாங்குவது அதனால்தான். கடுகு, சோம்பு, கறிவேப்பிலை, கீறிய பச்சை மிளகாய் மூன்று, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் 100 கிராம், தட்டிய இஞ்சி பூண்டு. இந்தச் சமையலில் மாவுச்சத்து என்று சொல்ல இருப்பது இந்த வெங்காயம் மட்டும்தான். ஆளுக்கு 5 கிராம் வரும். வெங்காயம் வதங்கியதும் மீனைக் கொட்டி, சின்னத் தீயில் பத்து நிமிடம் கிளறுங்கள். முதலில் கரண்டியோடு ஒட்டும், பிறகு பொலபொலவென்று பிரியும். சலசலப்பு அடங்கினால் ஈரம் போய்விட்டது என்று அர்த்தம். கொத்தமல்லி தூவி இறக்குங்கள்.

படி 5: எதோடு சாப்பிடுவது

தட்டில் சோறு இருந்த இடத்தில் பொரியலை வையுங்கள்: கோஸ், பீன்ஸ், சுரைக்காய், எது மலிவோ அது. பக்கத்தில் பருப்பு சேர்க்காத கீரை மசியல். ரசத்தைப் பிசைந்து சாப்பிடாமல் டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள். முதல் நாலைந்து நாள் தலைவலியும் அசதியும் வரலாம். உடம்பிலிருந்து தண்ணீரோடு உப்பும் வெளியேறுவதால் வருவது அது. உப்புப் போட்ட மோர் கைகொடுக்கும். ரத்த அழுத்தம் இருப்பவர்கள் மட்டும் உப்பில் கவனமாக இருக்கவும்.

கொறிக்க முந்திரி வேண்டாம். பண்ருட்டி பக்கத்திலேயே இருப்பதால் சொல்கிறேன், 100 கிராமில் 30 கிராம் மாவுச்சத்து. வெளியே மீன் வறுவல் சொன்னால் மேலே சோள மாவு பூசுகிறார்களா என்று கேளுங்கள்.

புட்டு மிஞ்சினால் மறுநாள் காலை வாணலியில் சூடாக்கி இரண்டு முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறுங்கள். எங்கள் வீட்டில் இப்போது மிஞ்சுவதற்காகவே கால் கிலோ கூடுதலாக வாங்குகிறோம்.