பல்லாண்டுப் பூச்செடிகளையும் தரைமூடிச் செடிகளையும் தேர்ந்தெடுப்பது எப்படி?

நாற்றுப்பண்ணையில் பூத்துக் குலுங்கும் ஒரு செடியைப் பார்த்ததும் வாங்கிவிடுபவர், அந்தச் செடி தன் ஆண்டின் மிக நல்ல வாரத்தில் எப்படி இருக்கும் என்பதை மட்டுமே அறிந்து வாங்குகிறார். பல்லாண்டுச் செடியோ ஒரே இடத்தில் பல ஆண்டுகள் நிற்கப் போவது. ஆகவே நம் தோட்டத்தின் மிக மோசமான மாதத்தை அது தாங்குமா என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. பூவின் நிறத்தைக் கடைசியாகப் பார்த்துக்கொள்ளலாம்.

‘தாங்கும் செடி’ என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். குளிரைத் தாங்குவதும், கடும் வெயிலைத் தாங்குவதும், வறட்சியைத் தாங்குவதும், வேரடியில் தேங்கும் நீரைத் தாங்குவதும் வெவ்வேறு திறன்கள். நித்தியகல்யாணி சுட்டெரிக்கும் கோடையிலும் சளைக்காமல் பூக்கும். உறைபனி விழும் ஊரில் ஒரே இரவில் கருகிவிடும். லாவெண்டர் உறைபனியைப் பொருட்படுத்தாது. ஆனால் புழுக்கமும் நீர் வடியாத களிமண்ணும் சேர்ந்த இடத்தில் அடியிலிருந்து அழுகத் தொடங்கும். செடிகளின் விவரச்சீட்டுகளில் காணப்படும் மண்டல எண் பெரும்பாலும் அமெரிக்க வேளாண் துறை வகுத்த 13 மண்டலங்களில் ஒன்றைக் குறிப்பது. ஆண்டுதோறும் பதிவாகும் மிகக் குறைந்த வெப்பநிலையின் சராசரியை வைத்தே அந்த மண்டலங்கள் பிரிக்கப்பட்டுள்ளன. கோடை வெப்பம், மழை, மண் ஆகியவற்றைப் பற்றி அந்த எண் எதையும் சொல்லாது என்பதால், குளிர்காலமே இல்லாத ஊர்களில் அதை நம்பிச் செடி வாங்குவதில் பெரிய பயன் இல்லை.

செடியைத் தேடுவதற்கு முன் இடத்தைப் பார்க்க வேண்டும். பாத்தி அமையப் போகும் இடத்தில் நேரடி வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது என்பதை ஒரு நாள் முழுதும் கவனித்துக் குறித்துக்கொள்வது நல்லது. ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ விழுந்தால் அது முழு வெயில். மூன்று முதல் ஆறு மணி நேரம் வரை என்றால் அரை நிழல். மேற்கு பார்த்த சுவரை ஒட்டிய இடம் கணக்கில் அரை நிழலாகவே இருந்தாலும், பிற்பகல் வெயிலோடு சுவரின் அனலும் சேர்வதால் நிழல் விரும்பும் செடிகளுக்கு ஏற்றதாக இராது. அடுத்தது வடிகால். ஏறத்தாழ 30 செ.மீ. ஆழக் குழி தோண்டி நீர் நிரப்பி, அது முழுதும் வடிந்த பின் மறுபடியும் நிரப்பி, நீர்மட்டம் மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று அளக்க வேண்டும். மணிக்கு 2.5 செ.மீ. அளவாவது இறங்காவிட்டால், மண்ணை மேடாக்கி நடுவதோ, ஈரம் விரும்பும் கல்வாழை போன்றவற்றை நாடுவதோதான் வழி.

முழு வெயிலும் விரைவாக நீர் வடியும் மண்ணும் உள்ள இடத்தில், பத்துமணிப்பூ தரையை ஒட்டி வண்ணமாய்ப் பரவும். அதன் பூக்கள் வெயிலில் மட்டுமே விரியும் என்பதால் நிழலில் நட்டுவிட்டு ஏங்குவதில் பொருளில்லை. குளிர் நாடுகளில் அதே வேலையை, தடித்த இலைகளில் நீரைச் சேமிக்கும் செடம் வகைகளும், தரையில் படரும் மணமூலிகையான தைமும் செய்கின்றன. இவற்றைக் கடுங்குளிரைக் காட்டிலும் குளிர்கால ஈரமே அதிகமாகக் கொல்கிறது. அவ்வப்போது மிதிபடும் இடத்துக்குப் பொடுதலையை நான் தயங்காமல் சொல்வேன்: பூ மிகச் சிறியது, பார்வைக்கு எளியது, ஆயினும் தேனீக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் அதை விட்டு நகர்வதில்லை. அரை நிழலுக்குக் கனகாம்பரம் உண்டு. குளிர்ப் பகுதியாயின், அகன்ற இலைகளுக்காக வளர்க்கப்படும் ஹோஸ்டா உண்டு. இட்லிப்பூவுக்கு அமில மண் வேண்டும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் அதன் இளந்தளிர்கள் நரம்பு மட்டும் பச்சையாக, இடைப்பகுதி வெளிர்மஞ்சளாக வெளிவரும். வேர் இரும்புச் சத்தை எடுக்க முடியாமல் திணறுவதன் அடையாளம் அது.

தரைமூடிச் செடிகளைப் பொறுத்தவரை, எந்த வேகத்துக்காக அவற்றை விரும்புகிறோமோ அந்த வேகமே பிறகு தலைவலியாகும். எனவே அவை பரவும் விதத்தைத் தெரிந்துகொள்ளாமல் வாங்கக் கூடாது. தூராக வளர்பவை இருந்த இடத்திலேயே மெல்லப் பருக்கும், கவலை இல்லை. தரைமேல் கொடி ஓட்டிக் கணுதோறும் வேர்விடுபவற்றை, விளிம்பில் அவ்வப்போது வெட்டிக்கொண்டிருந்தால் அடக்கிவிடலாம். மண்ணுக்கடியில் கிழங்குத்தண்டு ஓட்டுபவை, எல்லைக் கல்லையும் தாண்டி அடுத்த பாத்தியில் தலைகாட்டும். மஞ்சள் பூவோடு பளபளவென்று படரும் வெடேலியாவைப் பலரும் ஆசையாக நடுகிறார்கள். அதுவும் உன்னிச்செடியும், உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் இடம்பெற்றவை. காடு, ஓடை, வயல் ஆகியவற்றை ஒட்டிய தோட்டத்தில் இவ்விரண்டையும் நடவே வேண்டாம். ஓர் ஆண்டுக்குள் தரை முழுதையும் மூடிவிடும் என்று எந்தச் செடியையாவது விற்பவர் பாராட்டினால், மூடிய பிறகு அது எங்கே நிற்கும் என்று கேட்பது தகும்.

நடுவதற்கு முன் களை எடுப்பதில் சோம்பல் கூடாது. கோரைக்கிழங்கும் அருகம்புல்லின் வேர்த்தண்டும் மண்ணில் இருக்கையில் தரைமூடியை நட்டுவிட்டால், பின்னர் இரண்டையும் பிரித்தெடுக்க முடியாது. கோரையின் கூர்முளை பிளாஸ்டிக் விரிப்பையே துளைத்துக்கொண்டு வரும். நீர் பாய்ச்சி, முளைத்து வருவதைக் கிழங்கோடு தோண்டி எடுத்து, மறுபடி முளைக்க விட்டு மறுபடியும் எடுத்த பிறகே நட வேண்டும். எத்தனை செடி வேண்டும் என்பது இடைவெளியைப் பொறுத்தது. 30 செ.மீ. இடைவெளியில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 11 செடிகளும், 45 செ.மீ. இடைவெளியில் ஐந்தும் போதும். நெருக்கி நட்டால் விரைவில் மூடும் என்பது உண்மைதான். காற்றோட்டம் குறைந்து பூசணம் பிடிக்கும் என்பதும் அதே அளவு உண்மை.

வாங்கும்போது பூ நிறைந்த செடியை விட, மொட்டோடு பல கிளைகள் அடியிலிருந்தே பிரிந்துள்ள செடியே மேல். விற்பவரின் அனுமதியோடு தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பார்க்கலாம். வெண்ணிறமாகவோ வெளிர்பழுப்பாகவோ, மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும் வேர் நல்ல வேர். தொட்டியின் உட்புறத்தைச் சுற்றிச் சுற்றி வளர்ந்து முறுக்கிக்கொண்ட வேர், நிலத்தில் நட்ட பிறகும் அதே வட்டத்திலேயே திரும்பிக்கொண்டிருக்கக்கூடும். இலையைத் திருப்பி, அடிப்புறத்திலும் காம்பு பிரியும் மூலையிலும் வெள்ளைப் பஞ்சு போன்ற மாவுப்பூச்சி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு செடியோடு அது வந்தால் தோட்டம் முழுதும் பரவிவிடும். குழந்தைகளோ வளர்ப்பு விலங்குகளோ உள்ள வீட்டில், அரளியும் நித்தியகல்யாணியும் நச்சுத்தன்மை உடையவை என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

வெப்பமான பகுதிகளில் மழைக்காலத்தின் தொடக்கமும், குளிரான பகுதிகளில் வசந்தமோ இலையுதிர் காலத்தின் முற்பகுதியோ நடவுக்கு உகந்தவை. வறட்சி தாங்கும் செடியும் வேரூன்றும் வரை வறட்சியைத் தாங்காது. முதல் ஆண்டு முழுதும், நாள்தோறும் மேலாகத் தெளிக்காமல், மேல்மண் காய்ந்ததும் ஆழமாக நனையும்படி நீர் விட வேண்டும். 5 முதல் 7 செ.மீ. கனத்துக்கு மூடாக்கு (மண்ணை மூடும் சருகு, வைக்கோல் போன்றவை) இட்டு, தண்டைச் சுற்றி மட்டும் சிறிது இடம் விட வேண்டும். முதல் ஆண்டில் பெரும்பாலான பல்லாண்டுச் செடிகள் மேலே அதிகம் வளர்வதில்லை. வளர்ச்சி மண்ணுக்கடியில் நடந்துகொண்டிருக்கும் என்பதால், உரத்தைக் கூட்டிக் கொடுத்து அவசரப்படுத்த வேண்டியதில்லை. தூராக வளர்பவற்றில் சில ஆண்டுகளுக்குப் பின் நடுப்பகுதி வெறுமையாகி, பூக்கள் ஓரத்தில் மட்டும் வரத் தொடங்கினால், தூரைத் தோண்டி எடுத்து, ஓரத்திலுள்ள இளம்பகுதிகளைப் பிரித்து நட்டு, நடுக்கட்டையை எறிந்துவிடலாம்.