மழைக்கால டிரையத்லான் பயிற்சி: துணைக்கு நிற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன கார்த்திகையில் எங்கள் குழுவில் ஒரு தம்பிக்கு மூன்று நாள் காய்ச்சல். நான்காம் நாள் விடியற்காலை ஐந்தே காலுக்கு, நாங்கள் கூடும் டீக்கடை முன்னால் சைக்கிளோடு வந்து நின்றான். முகமெல்லாம் வெளிறிக் கிடந்தது. "வீட்ல கெடந்திருக்கலாமே மக்கா" என்று ஒரு அக்கா கேட்டதற்கு, "எல்லாரும் போடுற படத்தப் பாத்துட்டு எப்பிடிக்கா கெடக்க?" என்றான். அந்த மூன்று நாளும் வாட்ஸ்அப்பில் "இன்னைக்கு யாரு வரல?" என்று கேட்டு, வராதவர்கள் பெயரை வரிசையாகப் போட்டவன் நான். உற்சாகப்படுத்துவதாக நினைத்துத்தான் செய்தேன். சுசீந்திரம் வருவதற்குள் அவனுக்குத் தலைசுற்றி ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டான். ஆட்டோ பிடித்து வீட்டில் கொண்டு விட்டோம். சாயங்காலம் இரத்தப் பரிசோதனையில் டெங்கு என்று வந்தது. நல்லபடியாகத் தேறிவிட்டான். ஆனால் ஆட்டோவில் என் தோளில் சாய்ந்துகொண்டு வந்தபோது அவன் உடம்பு கொதித்த கொதிப்பு இன்னும் என் தோளில் இருக்கிறது.

தனியாளாகப் பயிற்சி செய்கிறவர் செய்யும் தவறுகளைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். சேர்ந்து பயிற்சி செய்கிறவர்கள், அன்பினாலேயே செய்கிற தவறுகள் வேறு. அவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் கணக்கு. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் இடையில் நிறுத்தாமல் செய்வது டிரையத்லான். 2000ஆம் ஆண்டு சிட்னியில்தான் இது முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. ஒலிம்பிக் தூரம் என்பது 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். தொடக்கக்காரர்களுக்கான ஸ்பிரின்ட் தூரம் இதில் சரிபாதி. நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி வரை போனால் ஏறத்தாழ 20 கிலோமீட்டர், ஸ்பிரின்ட் சைக்கிள் முடிந்தது. போய்த் திரும்பினால் ஒலிம்பிக் தூரம்.

குளிர்காலப் பயிற்சி பற்றி இணையத்தில் கிடைக்கிற குறிப்புகள் பெரும்பாலும் பனி கொட்டுகிற நாடுகளுக்கானவை. அவர்கள் வீட்டுக்குள் சைக்கிளை மாட்டிவைத்து மிதிக்கிறார்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஐப்பசியும் கார்த்திகையும் வடகிழக்குப் பருவமழை, மார்கழியில் ஆறரை மணிக்குத்தான் வெயில் முகம் காட்டும், தை பிறந்தால் வானம் வெளுத்துவிடும். நமக்குக் குளிர் பகையே இல்லை. மழையும் இருட்டும் காய்ச்சலும் அழுக்குத் தண்ணீரும்தான் பகை.

காய்ச்சல்காரரைக் கூப்பிடுவது

இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. மூக்கு ஒழுகுகிறது, லேசான தொண்டைக் கரகரப்பு என்றால் மெதுவாக நடக்கலாம், கொஞ்சம் சைக்கிள் மிதிக்கலாம். காய்ச்சல், உடம்புவலி, நெஞ்சுச் சளி, வயிற்றுப்போக்கு என்று கழுத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் ஓய்வு மட்டும்தான். வைரஸ் காய்ச்சலோடு உடம்பை வருத்தினால் சிலருக்கு இதயத் தசையே வீங்கிப்போகும், உயிருக்கே ஆபத்தாகலாம். மழைக்காலக் காய்ச்சலுக்கு, ஓட்டக்காரர்கள் முழங்கால் வலிக்குப் பையில் வைத்திருக்கிற ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் மாத்திரையை யாருக்கும் எடுத்துக் கொடுக்காதீர்கள். டெங்குவாக இருந்தால் அவை இரத்தக்கசிவைக் கூட்டும். மருத்துவர் பார்க்கிறவரை பாராசிட்டமால் போதும்.

இப்போது எங்கள் குழுவில் வராதவர் பெயரை யாரும் எழுதுவதில்லை. ஆளுக்கொரு ஜோடி உண்டு. வராதவருக்கு அவருடைய ஜோடி மட்டும், காலையில் அல்ல, சாயங்காலம் போன் போடுவார். "சாப்பிட்டியா, உடம்பு எப்படி இருக்கு" என்று கேட்பார். பயிற்சிப் பேச்சை அவராக எடுத்தால் பேசலாம். காய்ச்சல் விட்டபிறகும் முதல் இரண்டு மூன்று நாள் நடை மட்டும். டெங்கு, எலிக்காய்ச்சல் மாதிரி என்றால் மருத்துவர் சரி என்று சொன்ன பிறகுதான் நடைகூட.

வேகமானவர் பின்னால் எல்லோரும் ஓடுவது

நான்கு பேர் சேர்ந்தால் அதில் ஒருவருக்குக் கால் நீளமாக இருக்கும். அவருக்கு எளிதான வேகம் மற்றவர்களுக்கு மூச்சுத்திணறல். யாரும் வாய்திறந்து சொல்ல மாட்டார்கள், மூன்றாம் வாரம் ஒருவருக்கு முழங்கால், இன்னொருவருக்குக் கெண்டைக்கால் தசை. இந்த மாதங்கள் அடித்தளம் போடுகிற மாதங்கள். பெரும்பகுதி ஓட்டம் கதை பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில் இருக்க வேண்டும். ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்ல முடியவில்லை என்றால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம். சேர்ந்து ஓடுவதில் உள்ள பெரிய வசதியே இதுதான், பக்கத்தில் பேச ஆள் இருக்கிறது.

நாங்கள் மெதுவாக ஓடுகிறவரை முன்னால் விடுகிறோம். அவர் வேகம்தான் அன்றைய வேகம். வேகக்காரருக்கு வாரத்தில் ஒருநாள் தனியாக விரட்டிக்கொள்ள நேரம் உண்டு. தூரத்தை ஒரு வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டாமல் இருப்பது பழைய பழக்கம். அறிவியல் விதி என்று சொல்ல முடியாவிட்டாலும் தொடக்கக்காரரைக் காப்பாற்றுகிறது. மழையால் போன நாட்களை ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் ஈடுகட்டலாம் என்று ஒருவர் ஆரம்பித்தால், மற்றவர்கள் மறுத்துச் சொல்ல வேண்டும். போனது போனதுதான்.

ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள், கிறிஸ்துமஸ் கேரல் பாடிவிட்டு இரவு இரண்டு மணிக்கு வீடு வந்தவர்கள், கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்குப் போய்வந்தவர்கள் எல்லாரும் நம் குழுக்களில் இருப்பார்கள். அந்த வாரங்களில் அட்டவணையைக் கட்டிப்பிடிக்க வேண்டாம். மாலை போட்ட அண்ணன் ஒருவர் வெறுங்காலோடு இருந்த நாற்பத்தோரு நாளும் நடை மட்டும் போதும் என்றோம். மலையேறி இறங்கியதை நல்ல பயிற்சியாகவே கணக்கில் எழுதிக்கொண்டோம்.

தண்ணீரில் செய்யும் தவறுகள்

குளத்தில் குதித்து வளர்ந்தவர்கள் நாம். அதனாலேயே நீச்சலில் அதிகத் தவறு செய்கிறோம். தலையைத் தூக்கிவைத்துக் கையடிக்கும் பழக்கத்தில் ஐம்பது மீட்டர் போகலாம், 750 மீட்டர் போக முடியாது. தலை மேலே போனால் இடுப்பும் காலும் கீழே போகும், பிறகு தண்ணீரைத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். அதைவிட முக்கியம் மூச்சு. புதியவர்கள் தண்ணீருக்குள் மூச்சை அடக்கிக்கொள்கிறார்கள். வெளியே வந்ததும் விடவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும், நேரம் போதாமல் பதறிப்போகிறார்கள்.

இங்கே துணைக்கு நிற்பவர் செய்யும் தவறு, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திருத்துவது. ஒருவர் "கைய மடக்காத" என்பார், இன்னொருவர் "காலு, காலு" என்று கத்துவார். எங்கள் அக்காவுக்கு இப்படி மூன்று வாரம் வீணானது. பிறகு ஒருநாள் நான் நீச்சல் தொட்டியோரம் குனிந்து உட்கார்ந்து அவர் வாயருகே குமிழியை மட்டும் பார்த்தேன். முகம் தண்ணீருக்குள் இருக்கும் நேரமெல்லாம் குமிழி தொடர்ந்து வர வேண்டும், நின்றால் விளிம்பை இரண்டு தட்டு தட்டுவேன். வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. நான்காவது நாள் நிற்காமல் நூறு மீட்டர் போனார். எழுந்து நின்று கண்ணாடியைக் கழற்றியபோது கண் கலங்கியிருந்தது, எனக்கும்தான்.

குளத்தைப் பற்றிக் கறாராகச் சொல்கிறேன். கனமழைக்குப் பிறகு சில நாட்களுக்கு இறங்காதீர்கள். ஊர் அழுக்கெல்லாம் வழிந்து வந்து சேர்ந்திருக்கும். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் காலில் உள்ள சின்ன வெட்டு வழியாகப் போனாலே எலிக்காய்ச்சல் வரலாம். இறங்கிய அடுத்த சில வாரங்களில் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் முதல் வார்த்தையாக "குளத்தில் நீந்தினேன்" என்று சொல்லுங்கள். பக்கத்துக் கேரளத்தில் மூளையைத் தாக்கும் அமீபா நோயாளிகள் அண்மை ஆண்டுகளில் தொடர்ந்து வந்திருக்கிறார்கள். அந்த அமீபா மூக்கு வழியாகத்தான் ஏறுகிறது. மூக்குக் கிளிப் விலை அதிகமில்லை, குளத்தில் அது இல்லாமல் முகத்தைத் தண்ணீருக்குள் விடாதீர்கள். தேரூர்க் குளத்தை விட்டுவிடுவோம். உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்த இடம் அது, மழைக்காலத்தில் பறவைகள் வந்து தங்கும் இடம்.

கடல். தொடக்கக்காரர்கள் இந்த மாதங்களில் கடலில் நீந்திப் பழக வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்ததை நம் மாவட்டத்தில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களைக் கடல் கொண்டுபோனது. வானம் தெளிவாக இருக்கும்போதே தொலைதூரப் புயலிலிருந்து புறப்பட்ட அலை கரையேறும் கள்ளக்கடல் அது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்கிற கடல் தகவல் மையம் இதற்கு முன்னெச்சரிக்கை வெளியிடுகிறது, பார்க்கும் பழக்கம் வேண்டும். கடலரிப்பைத் தடுக்கக் கல் கொட்டிக் கட்டிய தூண்டில் வளைவு ஓரம் தண்ணீர் அமைதியாகத் தெரியும். பல இடங்களில் அந்தக் கல்லை ஒட்டித்தான் கடல் ஆளை வெளியே இழுத்துக்கொண்டு போகும்.

தை, மாசியில் கடல் அடங்கி, கடலறிந்தவர்களோடு இறங்குகிற நாள் வந்தால், முதலில் கரையில் வலை சீராக்கும் அண்ணன்மாரிடம் போய் "இன்னைக்கு நீவாடு எப்படிண்ணே?" என்று கேளுங்கள். நீவாடு என்றால் கடலின் நீரோட்டம். "வேண்டாம்" என்றால் திரும்பிவிட வேண்டும், மறுபேச்சு கூடாது. இடுப்பில் கட்டும் நிற மிதவை ஆளுக்கொன்று. கரையில் ஒருவர் கயிறும் டியூபுமாக நிற்பார், அன்று அவருக்கு நீச்சல் இல்லை. இழுப்பில் மாட்டினால் கரையை நோக்கி மல்லுக்கட்டாமல் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும், முடியாவிட்டால் மிதந்துகொண்டு கையைத் தூக்க வேண்டும். தத்தளிப்பவரைக் காப்பாற்ற வெறுங்கையோடு பின்னால் குதிப்பதுதான் துணைக்கு வந்தவர் செய்யும் மிகக் கொடிய தவறு. டியூபை எறியுங்கள், கூவி ஆளைக் கூட்டுங்கள்.

இருட்டு ரோடு

நாங்கள் முதலில் காலை ஐந்தே காலுக்குக் கூடினோம். எங்கள் குழுவில் உள்ள இரண்டு பெண்கள் நாலே முக்காலுக்கே வீட்டிலிருந்து தனியாகக் கிளம்ப வேண்டியிருந்ததை நாங்கள் யோசிக்கவே இல்லை. ஒருவர் வருவதை நிறுத்திய பிறகுதான் கேட்டோம். நாய், ஆளில்லாத முக்கு, பின்னாலேயே வந்த ஒரு பைக். இப்போது ஐந்து ஐம்பதுக்குக் கூடுகிறோம், பக்கத்து வீதிக்காரர் அந்தப் பெண்ணின் வீட்டு வாசலுக்குப் போய் அவரோடு சேர்ந்து வருகிறார். நேரத்தை ஒருவர் முடிவு செய்துவிட்டு மற்றவர்களை வரச்சொல்வது துணையாகாது.

சபரிமலை சீசனில் கன்னியாகுமரி ரோட்டில் இரவெல்லாம் தூங்காத ஓட்டுநர்களின் வேன்கள் வரும். இருட்டில் அந்தப் பக்கம் போகாமல், மணக்குடி வழியான கடலோர ரோட்டையோ உள்ளூர் ரோடுகளையோ எடுக்கிறோம். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு விளக்கு இல்லாதவருக்கு அன்று சைக்கிள் கிடையாது. கடைசியில் வருகிறவர் விளக்கு மட்டும் விட்டுவிட்டு எரியட்டும், நடுவில் உள்ளவர்களுடையது நிலையாக எரியட்டும், இல்லாவிட்டால் பின்னால் வருகிறவர் கண் கூசும். முன்னால் போகிறவர் "குழி", "மணல்", "நாய்" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். மழைத் தண்ணீர் நிறைந்த குழியைப் பின்னால் வருகிறவர் பார்க்க வழியே இல்லை. ரோட்டில் போட்ட வெள்ளைக் கோடு, இரும்பு மூடி, ரப்பர் விளையோரம் உதிர்ந்த இலை மூன்றும் ஈரத்தில் வழுக்கும். சக்கர விளிம்பைப் பிடிக்கிற ரிம் பிரேக் நனைந்திருந்தால் பிடித்தவுடன் நிற்காது, ஒரு சைக்கிள் நீளமாவது இடைவெளி விடுங்கள், இரண்டு என்றால் இன்னும் நல்லது. பெரும்பாலான பொதுப்பிரிவுப் போட்டிகளில் முன்னவரின் காற்றுமறைவில் ஒட்டிப்போக அனுமதியும் கிடையாது. ஆரல்வாய்மொழிப் பக்கம் கணவாய்க் காற்று குறுக்கே அடிக்கும்போது ஒட்டிப்போனால் ஒருவர் சாய்ந்து எல்லோரும் விழுவோம்.

சாப்பாடும் சாமானும்

மழை நாளில் தாகம் தெரியாது, ஆனால் ஈரக்காற்றில் வியர்வை காயாமல் வழிந்துகொண்டே இருக்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பு. விலையுள்ள ஜெல் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று புதியவரை நினைக்க வைக்காதீர்கள். சட்டைப் பையில் மூன்று மட்டி வாழைப்பழம் போட்டுக்கொண்டால் போதும், தோல் மெல்லிசு, இரண்டு கடியில் முடிந்துவிடும். திரும்பி வந்ததும் ஈரச் சட்டையோடு நின்று அரட்டையடிக்காமல் மாற்றுச் சட்டை போட்டுவிட்டுக் கருப்பட்டிக் காப்பி குடிக்கலாம்.

ஷூவுக்குள் பழைய பேப்பரைத் திணித்து இரவு வைத்தால் காலையில் ஈரம் இழுத்திருக்கும். கடலோர ரோட்டில் போய்வந்த சைக்கிளை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, சங்கிலிக்கு எண்ணெய் விடாவிட்டால் உப்புக்காற்றும் மழையும் சேர்ந்து சீக்கிரமே துருப்பிடிக்க வைத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பயிற்சி முடிந்ததும் ஒருவர் வீட்டு முற்றத்தில் எல்லாச் சைக்கிளையும் வரிசையாக நிறுத்திக் கழுவுகிறோம். டெங்குவில் கிடந்து எழுந்த தம்பி முதல்முறை திரும்பி வந்தது அந்த முற்றத்துக்குத்தான். அன்று அவன் ஒரு கிலோமீட்டர்கூட மிதிக்கவில்லை. எல்லார் சங்கிலிக்கும் எண்ணெய் விட்டுவிட்டுப் போனான்.