கிர்கிஸ்தானின் ஒரு மாவட்டத்தைப் புரிந்துகொள்வது எப்படி? அத்-பாஷியை வைத்துப் பார்ப்போம்

கிர்கிஸ்தானில் ஏதாவது ஒரு மாவட்டத்தைப் பற்றித் தேடினால் முதலில் கையில் கிடைப்பவை இரண்டு எண்கள், பரப்பளவும் மக்கள்தொகையும். நரின் மாகாணத்தின் தெற்கே சீன எல்லையை ஒட்டியிருக்கும் அத்-பாஷி மாவட்டத்துக்குப் பரப்பு 15,000 சதுர கி.மீ.க்கும் மேல், மக்கள் 50,000 சொச்சம். வகுத்தால் சதுர கிலோமீட்டருக்கு மூன்று நான்கு பேர். அந்தக் கணக்கை நம்பினால் மலைக்கு ஒரு வீடாகச் சிதறி வாழ்கிறார்கள் என்று தோன்றும். ஆனால் அங்கே யாருமே அப்படி வாழவில்லை. அதனால் எண்களை ஓரமாக வைத்துவிட்டு, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதிலிருந்து தொடங்குங்கள்.

செயற்கைக்கோள் வரைபடத்தில் நரின் நகரத்தைப் பிடித்து, சீன எல்லையில் இருக்கும் தோருகார்ட் கணவாய்க்குப் போகும் நெடுஞ்சாலை வழியாகத் தெற்கே நகருங்கள். கொஞ்ச தூரத்தில் அத்-பாஷி பள்ளத்தாக்கு வரும், சுமார் 2,000 மீட்டர் உயரத்தில். நன்றாகப் பெரிதாக்கினால் சுற்றிலும் பழுப்பு மலை, நடுவில் மட்டும் பச்சையாகக் கட்டம் கட்டமாக வயல்கள். ஊர்கள் எல்லாம் அந்தப் பச்சையின் ஓரத்தில், மலையிலிருந்து ஓடை இறங்கும் இடமாகப் பார்த்து உட்கார்ந்திருக்கும். மாவட்டத்து மக்களில் அநேகமாக எல்லோரும் இந்த ஒரு பட்டையில்தான் இருக்கிறார்கள். இங்கே ஓடும் அத்-பாஷி ஆறு நரின் ஆற்றில் சேர்ந்து, அப்புறம் சிர் தர்யா ஆறாகி ஏரல் கடல் பக்கம் போகிறது.

இப்போது அத்-பாஷி மலைத்தொடரைத் தாண்டித் தெற்கே பாருங்கள். அக்-சாய் ஆறு கிழக்கே திரும்பிச் சீனாவுக்குள் நுழைந்து தாரிம் படுகையில் முடிகிறது. அதற்கு மேற்கே, 3,500 மீட்டருக்கும் மேலே, சாத்தீர்-குல் ஏரியின் தண்ணீருக்கு வெளியே போக வழியே கிடையாது. ஒரே மாவட்டம், மூன்று வெவ்வேறு இடங்களில் முடியும் தண்ணீர். தெற்குப் பாதியில் ஏன் ஊர்களே இல்லை என்பதற்கும் பதில் இந்த உயரத்தில்தான் இருக்கிறது. அக்-சாய் பகுதியில் குளிர் மைனஸ் 50 டிகிரியையும் தாண்டியதுண்டு, பயிர் வைக்க வழியில்லை.

அடுத்தது நிர்வாக அடுக்கு. மாகாணம் 'ஒப்லுஸ்', மாவட்டம் 'ரயோன்', அதற்குக் கீழே சில ஊர்களைச் சேர்த்து ஒரு 'ஐல் ஐமக்', கடைசியில் ஊர், அதாவது 'ஐல்'. ஐல் ஐமக்கை நம்மூர் ஊராட்சி மாதிரி என்று எடுத்துக்கொள்ளலாம். அண்மையில் பல ஐமக்குகளை ஒன்றாக இணைத்துப் பெரிதாக்கியிருக்கிறார்கள். ஆகவே பழைய கணக்கெடுப்பின் பட்டியலையும் புதிய பட்டியலையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள், எந்த ஊர் எதற்குள் போனது என்று பார்த்துவிட்டுக் கூட்டுங்கள்.

ஊர்ப்பெயர்களை அவசியம் பிரித்துப் படியுங்கள், எனக்கு இதில்தான் ஆசை அதிகம். 'அத்' குதிரை, 'பாஷ்' தலை, ஆக அத்-பாஷி என்றால் குதிரைத் தலை. அக் வெள்ளை, கரா கறுப்பு, சூ தண்ணீர், தாஷ் கல், முஸ் பனிக்கட்டி. கரா-சூ என்றால் கறுப்புத் தண்ணீர் என்று விட்டுவிடக் கூடாது. நிலத்தடியிலிருந்து ஊறி வரும் தெளிந்த தண்ணீர் கரா-சூ, பனியாறு உருகிக் கலங்கலாக வருவது அக்-சூ. பெயரே நீர் ஆதாரத்தைச் சொல்லிவிடுகிறது. நாடு முழுக்க ஏகப்பட்ட கரா-சூக்கள் இருப்பதால் ரயோன் பெயரையும் சேர்த்தே தேடுங்கள். இன்னொன்று, பாஷியின் கடைசி ஒலி ருஷ்ய எழுத்துமுறையில் 'இ', கிர்கிஸ் உச்சரிப்பில் கிட்டத்தட்ட நம் குற்றியலுகரம், 'காசு' என்னும்போது கடைசியில் வருகிறதே அது. இரண்டு எழுத்துமுறையிலும் தேடினால்தான் எல்லாத் தரவும் கிடைக்கும்.

சரி, மக்கள்தொகைக்கு வருவோம். 1999, 2009, 2022 ஆண்டுகளில் கணக்கெடுப்பு நடந்தது. அட்டவணைகளில் நிரந்தரமாக வசிப்பவர்கள், கணக்கெடுத்த நேரத்தில் அங்கே இருந்தவர்கள் என்று இரண்டு எண்கள் வரும், இரண்டையும் குழப்பாமல் எடுங்கள். தலைநகர் பிஷ்கெக்குக்கும் ருஷ்யாவுக்கும் வேலைக்குப் போனவர்கள் நிறைய என்பதால் இந்த வித்தியாசம் சின்ன விஷயமில்லை. ஒரு குடும்பத்தில் மகனும் மருமகளும் வெளியூரில், பேரப்பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் என்பது அங்கே சர்வசாதாரணம். அடர்த்தி வேண்டுமென்றால் மாவட்டப் பரப்பால் வகுக்காமல், வரைபடத்தில் அந்தப் பச்சைப் பட்டையை மட்டும் அளந்து வகுத்துப் பாருங்கள். அது வேறு ஊர் மாதிரி இருக்கும்.

அப்படியானால் மற்ற இடமெல்லாம் வெறும் நிலமா? இல்லவே இல்லை. கோடை வந்தால் மேய்ப்பர் குடும்பங்கள் ஆடு, குதிரை, யாக் மந்தைகளோடு 'ஜைலோ' எனப்படும் உயர்ந்த புல்வெளிகளுக்கு ஏறிவிடுகின்றன. கம்பளிக் கூடாரமான போஸ் உய்யை அங்கே நாட்டி, இலையுதிர் காலம் வரை தங்குவார்கள். சோவியத் காலத்தின் முடிவில் நாட்டில் சுமார் 1 கோடி ஆடுகள் இருந்தன, கூட்டுப் பண்ணைகள் கலைந்த சில ஆண்டுகளில் அது 40 லட்சத்துக்கும் கீழே போனது. தொலைவான மேய்ச்சல் நிலங்கள் பல ஆளின்றிக் கிடந்தன. 2009-இல் வந்த சட்டம் மேய்ச்சல் நிலப் பொறுப்பை ஊர்மட்டக் குழுக்களிடம் கொடுத்தது. ஆகவே ஒரு ஐல் ஐமக்கின் எல்லையைப் பார்க்கும்போது, அதன் மேய்ச்சல் நிலம் எங்கே என்றும் சேர்த்துத் தேடுங்கள். ஊரிலிருந்து வெகுதூரத்தில் இருக்கலாம்.

இது பிடிபட்டதும் அடுத்து சோங்-குல் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். 3,000 மீட்டர் உயரம், கரையில் நிரந்தரமான ஊர் ஒன்றுகூட இல்லை. கோடையில் கொச்கோர், ஜும்கால், நரின் என்று பல மாவட்டத்து மந்தைகளும் அங்கே வந்து சேர்ந்துவிடும்.